பெரிய மாப்பிள்ளை கரையேறிய கதை

எங்கள் தெருவில் கடையில் வாங்கிய கதவு கிடையாது. வாசலுக்குக் கப்பல் கதவு, சன்னலுக்குக் கப்பலின் வட்டக் கண்ணாடி, முகம் கழுவ யாரோ ஒரு கேப்டன் சவரம் செய்துகொண்ட பீங்கான் தொட்டி. என் வீட்டுக் கழிவறைக் கதவில் சிவப்பு எழுத்தில் என்னவோ எழுதியிருக்கும். அந்த மொழி தெரிந்த ஒருவர் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, "ஆபத்து வந்தால் இந்த வழியாகத் தப்பிக்கவும்னு போட்டிருக்கும்மா" என்று விழுந்து விழுந்து சிரித்தார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? ஆபத்து நேரத்தில் மனுஷர் வேறெங்கே ஓடுவார்?

வயதான கப்பல்களை உடைக்கிற கரை இது. ஓடி முடித்த கப்பலைக் கொண்டுவந்து மணலில் ஏற்றிவிடுவார்கள். எங்கள் ஆட்கள் அதை வெட்டிப் பிரித்து, இரும்பை இரும்புக்காரனுக்கும் மரத்தை மரக்காரனுக்கும் அனுப்புவார்கள். மெத்தை, தலையணை, நாற்காலி எனக்கு வரும். என் வீட்டுக்காரர் வைத்த கடை. அவர் போன பிறகு நான் பார்த்துக்கொள்கிறேன். சரக்குக் கப்பல் மெத்தையில் எண்ணெய் வாடை லேசில் போகாது, எத்தனை வெயிலில் போட்டாலும் சரி. பயணிகள் கப்பல் வந்தால்தான் எனக்குக் கொண்டாட்டம்.

எதிர்வீடு தீக்குச்சியின் வீடு. அந்தப் பட்டப்பெயரை யார் வைத்தார்களோ, ஆளைப் பார்த்து அளந்துதான் வைத்திருக்கிறார்கள். ஒல்லி உடம்பு, செம்பட்டைத் தலை, உரசினால் பற்றிக்கொள்ளும் குணம். காஸ் வைத்து இரும்பு வெட்டுகிறவன். விரல் தடிமன் தகட்டைத் துணிக்கடைக்காரன் துணி கிழிக்கிற மாதிரி நேராகக் கிழித்துக்கொண்டு போவான். அவன் கைக்கு இந்தக் கரையில் மரியாதை உண்டு. வாய்க்குத்தான் இல்லை.

அவன் பெண்டாட்டியை எல்லோரும் ரொட்டிக்காரி என்போம். வீட்டு முன்னறையிலேயே அடுப்பு. சாயங்காலம் மாவு பிசைந்து வைத்து, காலையில் பன்னும் ரொட்டியும் சுட்டுக் கப்பல் வெட்டப் போகிறவர்களுக்கு விற்பாள். குள்ளமான பொம்பளை, என் தோளுக்குக்கூட வரமாட்டாள். ஆனால் பிசைந்து பிசைந்து முன்கை இரண்டும் உருட்டுக்கட்டையாக இறுகியிருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் ஓர் உல்லாசக் கப்பலின் ரொட்டி அறையில் சில வருஷம் வேலை பார்த்தவள். அதைவிட மூன்று மடங்கு காலம் இந்த வீட்டில் குப்பை கொட்டியாயிற்று. ஆனாலும் வாயைத் திறந்தால் கப்பல்தான்.

மழை பெய்தால், "கப்பல்ல மழை பேஞ்சா சத்தமே கேக்காதுக்கா" என்பாள். அடுப்புப் புகைந்தால், "கப்பல்ல அடுப்புக்குக் கண்ணாடிக் கதவு, உள்ள ரொட்டி உப்பறது தெரியும்" என்பாள். தீக்குச்சி வேலை முடிந்து தலைமுடியெல்லாம் துருப்பொடியோடு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்திருப்பான். அவன் முதல் வாய் வைக்கும் முன்பே இவள் ஆரம்பிப்பாள்.

"கப்பல்ல ராத்திரி சாப்பாட்டுக்கு மட்டும் பதினோரு வகை ரொட்டி போடுவோம்."

"அப்ப அங்கேயே இருந்திருக்க வேண்டியதுதானே. இங்க எதுக்கு இறங்கி வந்தே?"

"எல்லாம் என் தலையெழுத்து."

"தலையெழுத்து ஒண்ணும் கையப் புடிச்சு இழுத்துட்டு வரல. இப்பவும் போ. யாரு வேண்டாம்னா?"

இது அவர்கள் வீட்டில் அன்றாடம் நடக்கிற கச்சேரி. என் சன்னலுக்கு நன்றாகக் கேட்கும்.

வெட்டுக் களத்தின் மேஸ்திரிக்கு இந்த விஷயம் தெரிந்ததும் அந்தக் கப்பலுக்கு 'பெரிய மாப்பிள்ளை' என்று பெயர் வைத்துவிட்டார். ரொட்டிக்காரி முதலில் வாழ்க்கைப்பட்டது கப்பலுக்கு, அப்புறம்தான் இவனுக்கு என்று கணக்கு. காலையில் பன் வாங்க வரும்போது, "என்ன தம்பி, பெரிய மாப்பிள்ளை சௌக்கியமா?" என்பார். தீக்குச்சி பன்னை வைத்துவிட்டுப் போய்விடுவான். ஆம்பளையைப் பார்த்து ஆம்பளை வயிறெரிந்து பார்த்திருக்கிறேன். கப்பலைப் பார்த்து எரிந்தவன் இவன் ஒருவன்தான். மனுஷனாக இருந்தால் நாலு அடி அடித்துவிட்டு வரலாம், கப்பலை என்ன செய்வது?

அந்தப் பெரிய மாப்பிள்ளை ஒருநாள் எங்கள் கரைக்கே வந்து சேர்ந்தான்.

கடல் நன்றாக ஏறி நிற்கும் நாளாகப் பார்த்துத்தான் கப்பலைக் கரையேற்றுவார்கள். தூரத்திலிருந்து முழு வேகத்தில் ஓட்டிக்கொண்டு வந்து மணலில் சொருக வேண்டும். ஓட்டுகிறவன் நடுவில் மனசு மாறினால் கப்பல் அங்குமில்லாமல் இங்குமில்லாமல் நின்றுவிடும். அன்றைக்கு உச்சிவெயில். பத்து மாடி வெள்ளைக் கப்பல், வட்டச் சன்னல்களுக்குக் கீழே எல்லாம் துரு வழிந்து, ஒரு தெருவே பெயர்ந்து வருவது போல வந்தது. கடைசிப் பயணத்துக்கு முன்னால் பெயரில் பாதி எழுத்துகளைப் பூசி மறைத்துவிடுவது வழக்கம், பழைய முதலாளிகளுக்குத் தலைக்குனிவு கூடாதாம். மிச்சம் இருந்த எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் ஒரு வார்த்தையும் வரவில்லை. மணலில் ஏறி, உறுமி, ஒருபக்கம் லேசாகச் சாய்ந்து நின்றது. எஞ்சினை நிறுத்தினார்கள்.

நான் எத்தனை மெத்தை தேறும் என்று மாடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ரொட்டிக்காரி, முழங்கை வரை மாவோடு அப்படியே ஓடிவந்திருந்தாள். திடீரென்று என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, அந்த ஒடுக்கைப் பாருங்க."

"எங்கே?"

"முன்பக்கம், தண்ணிக்கு மேல. நான் இருந்தப்ப பனிமூட்டத்துல துறைமுகச் சுவத்துல இடிச்சது. சுட்டு வச்ச ரொட்டி மொத்தமும் தரையில உருண்டுச்சு. சரி பண்றேன் சரி பண்றேன்னு சொல்லிட்டு மேலாப்புல பெயின்ட் அடிச்சாங்க. எங்க கப்பல்தான்க்கா. எங்க கப்பல்தான்."

சொல்லிவிட்டு அழுதாள். சத்தம் போட்டு அழவில்லை, கண்ணைத் துடைக்கத் துடைக்க முகமெல்லாம் மாவாயிற்று. அவளுக்குப் பின்னால் தீக்குச்சி நின்றிருந்தான்.

"இங்க யாரு செத்துட்டாங்க?" என்றான்.

அவள் திரும்பவில்லை. கப்பலை விட்டுக் கண்ணை எடுக்கவும் இல்லை. அவன் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தான், கொஞ்ச நேரம் கப்பலைப் பார்த்தான், பிறகு விறுவிறுவென்று மேஸ்திரி இருந்த பக்கம் நடந்தான்.

கப்பலின் பூர்வீகமெல்லாம் மேஸ்திரிக்குக் கப்பலை விற்றுக்கொடுத்த ஏஜென்ட் சொல்லித் தெரியும். ஏதோ குளிர் தேசத்தில் கட்டியதாம். முதல் பெயரில் ஓடியபோது பணக்காரக் கிழவன் கிழவிகளுக்கென்றே இருந்தது, சலவைக்கல் படிக்கட்டு, பாட்டுக் கோஷ்டி, மேல்மாடியில் நீச்சல் குளம். பழசானதும் வேறொருவர் வாங்கிப் பெயரை மாற்றி, அறைகளைக் குறுக்கி, புதுசாகக் கல்யாணமானவர்களை ஏற்றினார். ரொட்டிக்காரி வேலை பார்த்தது அந்தக் காலத்தில். அதற்குப் பிறகு சூதாட்டக் கப்பல். அதுவும் படுத்ததும் ஒரு துறைமுகத்தில் கட்டிப்போட்டு, கட்டட வேலைக்காரர்கள் தங்கும் விடுதியாக்கினார்கள். ஜோடி ஜோடியாக ஆடிய தளத்தில் கயிறு கட்டி ஜட்டி பனியன் காயப்போட்டார்களாம். கடைசியில் அவர்களும் போய்விட, வாடகை கொடுக்க ஆளில்லாமல் எங்கள் கைக்கு வந்திருக்கிறது. கப்பலோ மனுஷரோ, பேர் மாற மாறக் கவனிப்பு குறைந்துகொண்டே போகிறது.

இந்தக் கரையில் ஒரு முறை உண்டு. புதுக் கப்பலுக்கு முதல் வெட்டுப் போடுகிறவன், வியாபாரிகள் கை வைக்கும் முன் கப்பலிலிருந்து ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்ளலாம். அவன் ஒருவன் தூக்கக்கூடியதாக இருக்க வேண்டும். எல்லோருக்கும் தெரியும்படி அதைத் தோளில் வைத்துக் களத்துக் கேட் வழியாகக் கொண்டு போக வேண்டும். கடிகாரம் எடுத்தவன் உண்டு, கண்ணாடி எடுத்தவன் உண்டு. ஒரு புத்திசாலி நங்கூரத்தைக் கேட்டு, தூக்க முடியாமல் வெறுங்கையோடு போனான். பெரிய மாப்பிள்ளைக்கு முதல் வெட்டு தனக்குத்தான் வேண்டும் என்று தீக்குச்சி மேஸ்திரியிடம் ஒற்றைக்காலில் நின்று வாங்கிவிட்டான்.

அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டில் கச்சேரி வேறு ராகத்தில் இருந்தது. ரொட்டிக்காரி அவனுக்கு வெந்நீர் போட்டு வைத்திருந்தாள். கேட்டுவிட்டு எனக்கே ஆச்சரியம்.

"முதல் வெட்டு உங்களுக்காமே?"

"ஆமா. நான்தான் வெட்டணும். மூக்குலேர்ந்து ஆரம்பிச்சு வால் வரைக்கும் நானே வெட்டணும்."

"வெட்டுங்க. உங்க வேலை அது. எனக்கு ஒண்ணே ஒண்ணு எடுத்துத் தருவீங்களா?"

"என்ன?"

"மூணாவது தளத்துல ரொட்டி அறை. பெரிய மேசைக்குக் கீழ ஒரு மரப்படி இருக்கும், ஏறி நிக்கறது. அது வேணும்."

"படியா? பத்து மாடிக் கப்பல்ல உனக்கு வேணுங்கறது ஒரு படியா?"

"எனக்கு மேசை எட்டாது. முதல் மாசம் முட்டைப் பெட்டி மேல நின்னு பிசைஞ்சேன். கப்பல் ஆடும்போது ரெண்டு தடவை விழுந்தேன். அப்புறம் கப்பல் தச்சர் எனக்குன்னு அந்தப் படியைச் செஞ்சு கொடுத்தாரு."

வெந்நீர் ஊற்றுகிற சத்தம் நின்றது.

"யாரு சொல்லிச் செஞ்சான்?"

"யாரும் சொல்லல. அவராத்தான் செஞ்சாரு."

"சும்மா ஒருத்தன் ஒருத்திக்குப் படி செய்வானா?"

"செஞ்சாரு. என் வாழ்க்கையில எனக்குன்னு ஒருத்தர் செஞ்சு கொடுத்த பொருள் அது ஒண்ணுதான். அதான் கேக்கறேன். முடியும்னா எடுத்துட்டு வாங்க, இல்லன்னா விடுங்க."

பிறகு என் சன்னலுக்கு ஒன்றும் கேட்கவில்லை. இவ்வளவு வருஷம் பத்து மாடிக் கப்பலைப் பார்த்து எரிந்தவனுக்கு, எரிவதற்கு இப்போது ஓர் ஆள் கிடைத்துவிட்டான்.

உள்ளே தீப்பற்றுகிற காஸ் தங்கியிருக்கிறதா என்ற சோதனையெல்லாம் முடிந்ததும், வெட்டு ஆரம்பிக்கிற நாளன்று காலையில் வியாபாரிகளைச் சரக்குப் பார்க்க உள்ளே விட்டார்கள். நானும் டார்ச்சோடு ஏறினேன். உள்ளே விளக்கு கிடையாது. கால் புதைகிற கம்பளத்தில் புழுக்க வாடை. நடனத் தளத்தில் துணி காயப்போட்ட கயிறு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. என் மெத்தைகளை எண்ணி முடித்து, பாத்திரம் பண்டம் ஏதாவது தேறுமா என்று கீழே இறங்கினால், ரொட்டி அறையில் வெளிச்சம். தீக்குச்சி தரையில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான்.

உள்ளே நீள இரும்பு மேசை. கப்பல் சமையற்கட்டு மேசைகளெல்லாம் ஒரே உயரம்தான், வாட்டசாட்டமான ஆண்களை மனதில் வைத்துச் செய்தவை. எனக்கே இடுப்புக்கு மேலே வந்தது. அதன் காலடியில் அந்தப் படி இருந்தது.

"அக்கா, இங்க வாங்க. இதைப் பாருங்க."

பார்த்தேன். தேக்குப் படி, அவ்வளவுதான். ஆனால் அவன் டார்ச்சை அடித்து அங்குலம் அங்குலமாகக் காட்டினான்.

"மேல் பலகைக்கு நடுவுல இடைவெளி விட்டிருக்கான், சிந்தின மாவு கீழ போயிடும், கால் வழுக்காது. அடியில ரப்பர். மேசைக்காலோட சேத்துக் கட்ட ஒரு கொக்கி, கப்பல் சாஞ்சாலும் நகராது. முன்பக்கம் சரிவா சீவியிருக்கான், கால்விரல் மேசைக்கு அடியில போகணும்னு."

"நல்ல வேலைக்காரன்தான்."

"அது மட்டும் இல்லக்கா. வலது பக்கம் பாருங்க, ஒரு விரல் அகலம் கூட வச்சிருக்கான். ஏன்?"

"ஏன்?"

"மாவை அழுத்தும்போது அவ வலது காலை அகட்டி வைப்பா."

"உனக்கெப்படித் தெரியும்?"

"நான் தினமும் பாக்கறேன்ல!"

"அப்போ அவனும் தினமும் பார்த்திருப்பான், அதானே" என்றேன். சமாதானமாகத்தான் சொன்னேன். சொன்ன பிறகுதான் எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றியது புரிந்தது.

அவன் படியின் மேல் பலகையைத் தடவினான். அவள் நின்று நின்று இரண்டு பள்ளம் விழுந்திருந்தது. அதில் கையை வைத்து அளந்து பார்த்தான். வேற்று ஆளாக இருந்தால் அதை ஒரு மரத்துண்டு என்று பார்த்துவிட்டுப் போயிருப்பான். இவன் கைவேலைக்காரன். இன்னொரு கைவேலைக்காரன் எவ்வளவு நேரம் உட்கார்ந்து பார்த்திருந்தால் இது வரும் என்று அவனுக்குத் தெரிந்தது. அந்த அறிவுதான் அவனைக் கெடுத்தது.

"அக்கா, இதை உங்க குடோன்ல போட்டு வைங்க."

"ஏன், வீட்டுக்குக் கொண்டு போயேன். அவ ஆசையாக் கேட்டாளே."

"கொண்டு போனா? தினமும் இது மேல ஏறி நின்னு எனக்கு ரொட்டி சுடுவா. அவன் உள்ளங்கையில நிக்கற மாதிரி. அதை நான் பார்த்துக்கிட்டே சாப்பிடணுமா?"

"அப்படின்னா இங்கேயே கொளுத்திடு. தீ உன் கையிலதானே இருக்கு."

அவன் படியைத் திருப்பிப் பார்த்தான். "மனசு வரல. வேலை அவ்வளவு சுத்தமா இருக்கு" என்றான். அழுதுவிடுவான் போலிருந்தது.

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த வீட்டு விவகாரம் தானாக வந்து மடியில் விழும்போது எழுந்து உதறுகிற பழக்கம் எனக்கில்லை. அவன் முதல் வெட்டைப் போட்டுவிட்டு, முறைப்படி அந்தப் படியைத் தோளில் வைத்துக் கேட்டைத் தாண்டி, நேராக என் குடோனுக்கு வந்தான். மெத்தைகளுக்கு அடியில் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போனான்.

"படி இல்ல" என்று அவளிடம் சொன்னானாம். "யாரோ முன்னாடியே கழட்டிட்டுப் போயிட்டாங்க."

"அப்படியா" என்றாளாம். அவ்வளவுதான்.

அந்த வாரம் முழுக்க அவள் வாயிலிருந்து கப்பல் என்ற வார்த்தையே வரவில்லை. மழை பெய்தது, ஒன்றும் சொல்லவில்லை. அடுப்புப் புகைந்தது, இருமிவிட்டுச் சும்மா இருந்தாள். பன்கள் சப்பட்டையாக வந்தன. வாங்கியவர்கள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தின்றார்கள். சாயங்காலமானால் மொட்டைமாடியில் போய் நிற்பாள். கப்பலின் முன்பக்கம் போய்விட்டது, ஒடுக்கு விழுந்த தகடு லாரியில் ஏறிவிட்டது. வெட்டிய வாயில் அறைகள் தேன்கூடு மாதிரி திறந்து கிடந்தன. என் கடையில் அந்தக் கப்பல் மெத்தை அமோகமாகப் போயிற்று. புதுசாகக் கல்யாணமானவர்கள் படுத்த மெத்தை என்று சொல்லித்தான் விற்றேன், கட்டட வேலைக்காரர்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

தீக்குச்சி வெறி பிடித்தவன் மாதிரி வெட்டினான். ஆனால் வீட்டுக்கு வந்ததும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான்.

"என்னடி, ஒண்ணும் பேச மாட்டேங்கறே?"

"என்ன பேசணும்?"

"ஏதாவது. கப்பல்ல அப்படி, கப்பல்ல இப்படின்னு சொல்லுவியே."

"அதைத்தான் வெட்டிக்கிட்டு இருக்கீங்களே."

விஷயத்தை உடைத்தவர் மேஸ்திரி. கெட்ட எண்ணத்தில் இல்லை, அவருக்குக் கிண்டல் பண்ணாமல் பன் இறங்காது. காலையில் அத்தனை பேர் நிற்கும்போது, "ஆனாலும் தங்கச்சி, உன் புருஷன் மாதிரி ஒரு ஆளை நான் பார்த்ததே இல்ல. அவ்வளவு பெரிய கப்பல்ல எதை வேணும்னாலும் எடுத்துக்கடான்னா, ஒரு மரப்படியைத் தோள்ல போட்டுக்கிட்டு ராஜா மாதிரி கேட்டைத் தாண்டி மெத்தைக்கடை குடோனுக்குப் போறான்!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பொறாமையில் பொய் சொன்னவன், தான் அதை ஊரே பார்க்கத் தூக்கிக்கொண்டு நடந்ததை மறந்துவிட்டான்.

ரொட்டிக்காரி சிரிக்கவில்லை. கையிலிருந்த பன்னைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு, தெருவுக்கு இந்தப் பக்கம் நின்ற என்னை ஒரு பார்வை பார்த்தாள். எனக்குக் கடைக்குள் போய் மெத்தைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

சாயங்காலம் அவன் வந்ததும் என்னையும் கூப்பிட்டாள். "வாங்கக்கா, நீங்களும் இருங்க. பத்திரமாப் பாதுகாத்து வச்சிருக்கறது நீங்கதானே." போனேன். போகாமல் இருக்க முடியுமா?

அவள் மேசை முன்னால் நின்று மாவு பிசைந்துகொண்டே பேசினாள். குரல் உயரவேயில்லை.

"படி இல்லன்னு ஏன் சொன்னீங்க?"

அவன் என்னைப் பார்த்தான். நான் அடுப்பைப் பார்த்தேன்.

"அவன் யாருடி?" என்றான். "அந்தத் தச்சன். அதைச் சொல்லு முதல்ல. சும்மா செஞ்ச படி இல்ல அது. உன் காலைப் பார்த்துப் பார்த்துச் செஞ்சிருக்கான். நான் முட்டாள் இல்ல."

"நீங்க முட்டாள்னு நான் சொன்னேனா? அவருக்கு என்மேல ஆசை இருந்துச்சு. உண்மைதான். கட்டிக்கறியான்னு கேட்டாரு."

அடுப்பில் விறகு வெடித்தது. தீக்குச்சி பற்றிக்கொள்வான் என்று நான் எழத் தயாரானேன். அவன் பற்றவில்லை. நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தான்.

"நீ என்ன சொன்னே?"

"மாட்டேன்னேன். எங்க தெருவுல ஒருத்தர் இருக்காரு, அவருக்கு வாக்குக் குடுத்துட்டேன்னு சொன்னேன். அவரும் அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசல. அடுத்த துறைமுகத்துல வேற கப்பலுக்கு மாறிப் போயிட்டாரு. நான் இங்க வந்து உங்களைக் கட்டிக்கிட்டேன்."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க என்ன பண்ணுவீங்கன்னு இந்த வாரம் பார்த்துட்டேனே."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இன்னொண்ணும் சொல்லிடறேன்" என்றாள். "அவர்கிட்ட மாட்டேன்னு சொன்னதுக்கு நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்ல. இந்த வீட்டுல சண்டை போட்டிருக்கேன், பட்டினி கிடந்திருக்கேன், அப்பக்கூட நெனச்சதில்ல. நீங்க படி இல்லன்னு சொன்னீங்க பாருங்க, எனக்கு உடனே தெரிஞ்சுது பொய்னு. அன்னிக்குத்தான் நெனச்சேன். சரின்னு சொல்லியிருக்கலாமோன்னு. மொதத் தடவையா நெனச்சேன்."

நான் எத்தனையோ வீட்டுச் சண்டை கேட்டவள். ஒருத்தி இவ்வளவு மெதுவாகப் பேசி ஒருவனை இப்படி அடித்து நான் கேட்டதில்லை. அவன் முகம் சாம்பலாகிவிட்டது. எழுந்து வெளியே போனான். குடித்துவிட்டு வரத்தான் போகிறான் என்று நினைத்தேன். தெருவைத் தாண்டி என் குடோனுக்குள் நுழைந்தான். மெத்தைகள் சரிகிற சத்தம் கேட்டது. படியைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் மேசை முன்னால் வைத்தான். சட்டைத் துணியால் தூசியைத் துடைத்தான்.

"ஏறு" என்றான். "ஏறி நின்னு பிசை. நான் ஒண்ணும் சொல்லல."

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். பாதம் இரண்டும் அந்தப் பள்ளங்களில் போய்ச் சரியாக உட்கார்ந்தன. அவள் முகம் மலர்ந்ததை நானும் பார்த்தேன், அவனும் பார்த்தான். மாவில் கையை வைத்தாள்.

கை எட்டவில்லை. அதாவது, மேசை மிகவும் கீழே இருந்தது. இடுப்பை மடித்துக் குனிந்தால்தான் மாவு கைக்கு வந்தது. இரண்டு தடவை அழுத்திப் பார்த்தாள். முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"என்ன இது? கப்பல்ல நிமிர்ந்து நின்னுதானே பிசைவேன்."

"மேசை வேற, அதான்" என்றேன்.

"இதுவும் கப்பல் மேசைதானேக்கா. நான் கல்யாணமாகி வரும்போதே இங்க இருந்துச்சு."

எனக்கு வியாபாரப் புத்தி. குனிந்து பார்த்தேன். நாலு காலுக்கும் ரப்பர் குழாயை வெட்டிச் சொருகியிருந்தது. ஒன்றை உருவினேன். காஸில் வெட்டிய இரும்பு முனை, உருகி மணிமணியாக அப்படியே இருந்தது. இன்னொன்றை உருவினேன். அதுவும் அப்படித்தான், கொஞ்சம் கோணல் வேறு.

"கப்பல் மேசைக்குக் கால் இவ்வளவு குட்டையா இருக்காதும்மா. யாரோ நல்லா ஒரு ஜாண் வெட்டியிருக்காங்க."

இரண்டு பேரும் அவனைப் பார்த்தோம். அவன் தலையைச் சொறிந்தான். உண்மையாகவே யோசித்துத்தான் கண்டுபிடித்தான்.

"ஆமால்ல. நான்தான் வெட்டினேன். நீ வந்த புதுசுல."

"எதுக்கு?"

"மொத நாள் மாவு பிசையும்போது தோளைத் தூக்கித் தூக்கிக்கிட்டு நின்னே. வலிக்கும்லன்னு தோணுச்சு. மறுநாள் நீ தண்ணி புடிக்கப் போனப்ப வெட்டிட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"மேசைக்கால் வெட்டினதையெல்லாம் போய்ச் சொல்லுவாங்களா? உயரமா இருந்துச்சு, வெட்டினேன். வேலைக்கு நேரமாச்சு, போயிட்டேன்."

அவள் படியிலிருந்து இறங்கினாள். தரையில் நின்று மாவின் மேல் கை வைத்தாள். தோள் தூக்காமல், முதுகு வளையாமல், நேராக நின்றிருந்தாள். இத்தனை வருஷமாக இப்படித்தான் நின்றிருக்கிறாள். ஏன் இவ்வளவு வசதியாக இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. மாவுக் கையோடு அவன் தோளில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். அந்தக் குத்துக்கு வேறு யாராக இருந்தாலும் விழுந்திருப்பான்.

"வெட்டினது கோணல்" என்றாள். கண்ணில் தண்ணீர்.

"அப்ப புதுசுதானே, கை பழகல." தோளைத் தேய்த்துக்கொண்டே அந்தப் படியை அடுப்போரமாக நகர்த்தி, தானே அதன் மேல் உட்கார்ந்தான். அவள் பிசைவதைப் பார்த்தான். வலது காலை அகட்டித்தான் வைத்திருந்தாள். பிறகு அவன் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"இந்த வாரம் ஒண்ணு நெனச்சேன்னு சொன்னியே. அந்த நெனப்பு போயிருச்சா?"

அவள் மாவைப் புரட்டிப் போட்டாள்.

"போகும். அவசரப்படுத்தாதீங்க."

அவன் தலையாட்டினான். நான் எழுந்து வந்துவிட்டேன். இரு என்று சொல்ல அங்கே யாருக்கும் நினைவில்லை. என் வீட்டுக்காரர் தங்கமானவர், ஊரே சொல்லும். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், ஒரு சந்தேகம் கிடையாது. நான் வாசலில் யாரோடு நின்று பேசினாலும் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்க மாட்டார். அன்று குடோனில் சரிந்து கிடந்த மெத்தைகளை ஒவ்வொன்றாக அடுக்கும்போது, செத்துப்போன அந்த நல்ல மனுஷர் மேல் எனக்கு வந்த கோபத்தை யாரிடம் போய்ச் சொல்வது?